பைக்குள் சுருளும் ஆணிவேர்

மானாவாரிக்கு ஏற்ற பழமரம் எது என்று கேட்டால் இலந்தை, விளா, நாவல், கொடுக்காப்புளி என்று எவரும் அடுக்குவார்கள். ரகத்துக்கும் பஞ்சமில்லை. இலந்தையில் கோலா, சேப், உம்ரான். கொடுக்காப்புளியில் பெரியகுளம் பி.கே.எம். 1. கன்று எப்படி உருவானது என்றுதான் யாரும் கேட்பதில்லை. வறண்ட நிலத்தில் மரம் தேறுவதும் காய்வதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது என்பேன்.

இலந்தையையே பார்ப்போம். மேலே நாலைந்து இலை தெரியும்போதே ஆணிவேர் வெகு ஆழம் போய்விடும். கோடையைத் தாண்ட அதுதான் அதன் கைம்முதல். சிறிய பையில் ஓராண்டு நின்ற ஒட்டுக்கன்றை வாங்கிப் பையைக் கிழித்துப் பாருங்கள். அடியில் முட்டிய வேர் வளையமாகச் சுருண்டு கிடக்கும். இல்லையேல் ஓட்டை வழியே தரையில் இறங்கி, தூக்கும்போது அறுந்திருக்கும். ஒட்டு மட்டும் மேலே பச்சைப்பசேலென்று நிற்கும். வாங்குகிறவர் பார்ப்பதும், விற்கிறவர் காட்டுவதும் அதைத்தான்.

இதற்கு மாற்று, நிலத்திலேயே ஒட்டுக் கட்டுவது. குழியில் காட்டு இலந்தை விதையை ஊன்றி, தண்டு பென்சில் பருமன் ஆனதும் நல்ல ரகத்தின் மொட்டைப் பட்டைக்குள் செருகிக் கட்டுகிறார்கள். வேர் இடம் மாறுவதே இல்லை. ஆனால் இம்முறையைப் புகழ்பவர்கள் அதன் தொல்லைகளைச் சொல்வதில்லை. மரத்தில் சாறு ஓடினால்தான் பட்டை வழுக்கிக் கழலும். மானாவாரியில் அது மழையின் கையில். காடெல்லாம் குனிந்து கட்டக் கைதேர்ந்த ஆள் வேண்டும். ஆட்டுக்கு வேலி வேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் துளிரை ஒடிக்க மறந்தால் மொட்டு காய்ந்து, காட்டு இலந்தையே மிஞ்சும்.

ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் நடுவழி ஒன்றைக் கண்டது: இருபுறமும் திறந்த, நீளமான பாலிதீன் குழாய். கொட்டையை உடைத்துப் பருப்பை மட்டும் விதைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். ஏறத்தாழ நான்கு மாதத்தில் ஒட்டுக்கன்று தயார். இதில் குழாயின் வடிவத்தைவிட, வேருக்குச் சுருள அவகாசம் தராத வேகமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. விற்காத கன்று அடுத்த மழைவரை அதிலேயே நின்றால் பழைய கதைதான்.

ஆகவே இலந்தைக்கு, சொட்டுநீர் இல்லாத நிலமென்றால் நிலத்தில் கட்டும் ஒட்டே சரி. முதலிரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்ட முடிந்தவருக்குக் குழாய்க்கன்று போதும். ஓராண்டுப் பைக்கன்று இருவருக்குமே வேண்டாம். சும்மா கொடுத்தாலும் குழி வெட்டிய கூலி நட்டம். நாற்றங்கால்காரர் கன்றோடு நிற்காமல் மொட்டுக் குச்சியும் விற்று, கட்ட ஆளும் அனுப்பட்டும்.

இந்தத் தீர்ப்பைப் பாலைப் பழமரத்துக்கு நீட்ட மாட்டேன். அதன் நாற்று ஒட்டுப் பருமனை எட்டவே ஆண்டுக்கணக்காகும். அத்தனை காலம் திறந்த காட்டில் ஆட்டிடமிருந்து அதைக் காப்பது நடக்கிற காரியமில்லை. அதற்கு நாற்றங்கால்தான் வேண்டும். அங்கேயோ பெரும்பாலும் சப்போட்டாவுக்கு வேர்ச்செடியாகத்தான் பாலையை வளர்க்கிறார்கள். பழுத்த பாலையின் தித்திப்பை அறிந்தவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். நல்ல பழம் தரும் தாய்மரத்தின் குச்சியை எடுத்துப் பாலைமேலேயே பாலையைக் கட்டித் தர எந்த நாற்றங்காலும் தடை சொல்லக் காரணமில்லை.