அன்னக்கிளிக்கு முந்தைய எட்டு வருஷம்

1976இல் வந்த 'அன்னக்கிளி'யை இளையராஜாவின் தொடக்கம் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. 1968இலேயே சென்னைக்கு வந்தவர் அவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தார்.

'மச்சானைப் பாத்தீங்களா'வில் எல்லோரும் நாட்டுப்புற மெட்டைத்தான் பாராட்டுகிறார்கள். மெட்டு நல்லாத்தான் இருக்கு, அதை விடுங்க. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் வாத்தியப் பகுதியைக் கேளுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அடுத்தவர் பாட்டுக்கு வருஷக்கணக்காக வேலை பார்த்த கை அது. 'ரோஜா'வுக்கு (1992) முன்பு ரஹ்மானும் பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தவர்தான்.

எங்கள் கண்ணமங்கலத்துப் பட்டுத்தறியில் பாவு பிணைக்கவே நேரம் பிடிக்கும். கடைக்குப் போவது சேலை மட்டும். லேப்டாப்பில் மெட்டுப் போடும் பையன்கள் "முதல் படம் எப்படிண்ணா கிடைக்கும்?"னு கேட்கிறார்கள். யாரிடம் உதவியாளராகச் சேரலாம் என்று இதுவரை ஒருத்தனும் கேட்டதில்லை.