ஓஷின் பொறுமையின் கதையா?

ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் தொடக்கம் 1984 மார்ச் வரை 297 பாகங்களாக ஒளிபரப்பிய நாடகம் 'ஓஷின்'. எழுதியவர் சுகாகோ ஹஷிடா. ஈரானையும் எகிப்தையும் கண்கலங்க வைத்த இந்நாடகம், ரூபவாஹினி வழியே எமது வீடுகளுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் அதனை நினைவுகூர்வோர் பெரும்பாலும் ஒரு சொல்லையே சொல்லக் கேட்டிருக்கின்றேன்: பொறுமை. இந்த வாசிப்பு ஓஷினுக்கு அநீதி செய்கின்றது என்பது எனது கருத்து.

குத்தகை விவசாயியின் மகளாகப் பிறந்து, ஏழு வயதில் ஒரு மூடை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்பட்டவள் ஓஷின். குத்தகை விவசாயிகளுக்காக இயங்கும் கோட்டாவின்மீது அவள் காதல் கொள்வது அழகினால் மட்டுமன்று. தன் தகப்பனை நசுக்கியது எது என்பதை அவன் வாயால்தான் அவள் அறிகின்றாள். அந்த ஈர்ப்புக்கு ஒரு நியாயம் இருக்கின்றது. அவள் மணப்பதோ நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளையான றியூசோவை. நல்லவன்; ஆனால் பலவீனன். மனைவியின் உழைப்பில் வாழ்வதற்குக் கூசுகின்றான். அதனை விடவும் முடியவில்லை. இவர்களின் அன்பு உரசலுக்குள்ளேயே வளர்கின்றது.

1923ஆம் ஆண்டுப் பூகம்பம் எல்லாவற்றையும் அழித்தபின், சாகாவிலுள்ள கணவன் வீட்டில் மாமியின் கொடுமை. அங்கே பிறந்த குழந்தையையும் இழக்கின்றாள். றியூசோ தாயின் பக்கமே நிற்கின்றான். ஓஷின் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியேறுகின்றாள். மீன் விற்றுப் பிழைக்கின்றாள். பாத்திர வளர்ச்சியின் திருப்பம் இதுதான். பொறுத்தது போதும் என்று முடிவெடுத்தவளையே நாம் பொறுமையின் சின்னமாக்கி வைத்திருக்கின்றோம்!

யுத்தம் பற்றிய பகுதி இன்னும் முக்கியமானது. றியூசோ இராணுவத்துக்குப் பொருள் வழங்கிச் செழிக்கின்றான். மகன் யுத்தத்தில் மாள்கின்றான். தோல்வியின்பின் றியூசோ தற்கொலை செய்துகொள்கின்றான். அந்தச் செழிப்பில் தனக்கும் பங்குண்டு என்பதை ஓஷின் அறிவாள். யுத்தத்தில் கணவரையும் பிள்ளைகளையும் இழந்த பெண்கள் பலர் வாழும் இந்தக் குடாநாட்டில், நாம் பேச வேண்டிய இடம் இதுவே.

குறைகளும் உண்டு. கோட்டாவுடன் வீட்டைவிட்டுப் போகும் எசமானின் மகள் காயோவை ஆசிரியர் விலைமாதர் விடுதி வரை வீழ்த்தி அழிக்கின்றார். தன் விருப்பத்தைத் தானே தேர்ந்த பெண்ணுக்கு இத்தனை தண்டனை ஏன்? இங்கே ஹஷிடாவும் ஊர்வாயின் பக்கம் சாய்ந்துவிடுகின்றார்.

முதுமையில் ஓஷினும் கோட்டாவும் கடலோரம் நடக்கின்றார்கள். திருமணம் இல்லை, உரிமை கோரலும் இல்லை. ஒருவர் தோல்வியை மற்றவர் முழுதாக அறிந்த நெருக்கம் மட்டுமே. காதலுக்கு இதைவிட முதிர்ந்த வடிவத்தை எமது தொலைக்காட்சித் தொடர்களில் நான் கண்டதில்லை.

'ஓஷினைப்போல் பொறுத்துப்போ' என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்வோர், அவள் சாகாவிலிருந்து புறப்பட்டுப் போனதையும் சேர்த்துச் சொல்லட்டும்.