காலணிக் கயிறும் குரோமோசோம் நுனியும்

குரோமோசோம் நுனியைப் பற்றி எழுதுவோர் ஓர் உவமையைத் தவறாமல் கையாளுகின்றனர். காலணிக் கயிற்றின் நுனியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? அது கயிறு பிரியாமல் காப்பதுபோல் டீலோமியர் குரோமோசோமைக் காக்கிறது. செல் பிரியப் பிரிய அது தேய்கிறது. தேய்ந்து தீர்ந்தால் முதுமை என்பார்கள். எலிசபெத் பிளாக்பர்ன், எலிசா எபல் ஆகிய இருவரும் 2017இல் வெளியிட்ட 'தி டீலோமியர் எஃபெக்ட்' என்னும் நூலிலும் இவ்வுவமை உண்டு. நுனியை நீட்டும் நொதியைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. ஆயினும் படிப்பவர் மனத்தில் நிலைப்பது தேயும் உறைதான்.

உவமையின் முற்பகுதி சரியே. பிற்பகுதிக்கு எதிர்ச்சாட்சி ஒன்று உண்டு. அது ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்.

ஈஸ்ட் ஒற்றைச் செல் பூஞ்சை. அதில் 16 குரோமோசோம்கள். எனவே 32 நுனிகள். ஒவ்வொரு நுனியிலும் ஏறத்தாழ 300 கார இணைகள். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிகளால் நுனியை முழுமையாகப் படியெடுக்க இயலாது. ஆதலால் ஒவ்வொரு பிரிதலிலும் 3 முதல் 5 இணைகள் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300ஐ 4ஆல் வகுத்தால் 75. நல்ல உணவு கிடைத்தால் ஈஸ்ட் ஒன்றரை மணிக்கு ஒரு முறை பிரியும். தேய்வது மட்டுமே உண்மையானால் ஒரே வாரத்தில் ஈஸ்ட் குலமே அற்றுப்போக வேண்டும்!

அவ்வாறு நிகழாததற்குக் காரணம் டீலோமியரேஸ் என்னும் நொதி. அது தன்னிடமுள்ள ஆர்.என்.ஏ.வை அச்சாகக் கொண்டு நுனியை நீட்டுகிறது. எல்லா நுனிகளையும் ஒவ்வொரு முறையும் அது நீட்டுவதில்லை. குட்டையான நுனிகளையே கூடுதலாக நாடுகிறது என்று 2004இல் கண்டறிந்தனர். இயற்பியல் மாணவர் இதனை இயங்குச் சமநிலை என்பர். மிதவை பொருத்திய தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். நீர் இறங்கினால் குழாய் திறக்கும், ஏறினால் மூடும். இவ்வுவமைக்கும் எல்லை உண்டு. மிதவை தவறாமல் இயங்கும். ஈஸ்ட்டில் நுனி நீள்வதோ வாய்ப்பைப் பொறுத்தது.

குழாயை அடைத்துவிட்டால்? 1989இல் விக்கி லுண்ட்பிளாட், ஜாக் சோஸ்டாக் ஆகியோர் அத்தகைய ஈஸ்ட்டைக் கண்டனர். நுனிகள் தேய்ந்தன, பெரும்பாலான செல்கள் பிரிவதை நிறுத்தின. ஆனால் சில பிழைத்தன! அவை மற்ற நுனிகளிலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுத்துத் தம் நுனிகளைச் சரிசெய்துகொண்டன என்று 1993இல் தெரியவந்தது. மூன்றே குரோமோசோம்கள் கொண்ட பிளவு ஈஸ்ட்டிலோ, சில செல்கள் ஒவ்வொரு குரோமோசோமையும் வளையமாக்கிப் பிழைக்கின்றன. வளையத்துக்கு நுனி ஏது? உறை எதற்கு?

மற்றொன்றும் கேளுங்கள். ரொட்டி ஈஸ்ட்டின் தாய்ச் செல் சராசரியாக 25 முறை மொட்டுவிட்டு முதுமையடைந்து இறக்கிறது. அதற்குள் அதன் டீலோமியர் குறைவதில்லை. ஆகவே முதுமையும் நுனித் தேய்வும் ஒன்றல்ல.

உவமையில் ஒரு சிறு குறை. அதற்கு இத்துணை வாதம் ஏன் என்று கேட்பீர்கள். மனித உடலின் பெரும்பாலான செல்களில் இந்நொதி மிகக் குறைவு. அங்கே நுனி தேய்வது மெய்தான். ஆனால் 'தேய்வது முதுமை' என்று மனத்தில் பதிந்துவிட்டால், 'நீட்டுவது இளமை' என்ற விளம்பரத்தையும் எளிதில் நம்பிவிடுவோம். மனிதப் புற்றுநோய்களில் 85 முதல் 90 விழுக்காடு வரை டீலோமியரேஸை விழிக்கச் செய்தே ஓயாமல் பெருகுகின்றன. எஞ்சியவற்றுள் பல, பிழைத்த ஈஸ்ட்டைப் போலவே நுனியைச் சரிசெய்கின்றன. நீளம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று.

அடுத்த முறை காலணிக் கயிற்றைக் காட்டி யாரேனும் விளக்கினால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். தேய்ந்ததை நீட்டுவது எது? அதனைக் கட்டுப்படுத்துவது எது? இவற்றுக்கு விடை சொல்லாத விளக்கம் பாதி விளக்கமே.