நாமக்கல் கவிஞரின் 'சூரியன் வருவது' பாடல்: கூடிப் பாடும் பாட்டாக ஒரு மதிப்பீடு

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய, 'சூரியன் வருவது' என்று தொடங்கும் பாடல் தமிழகப் பள்ளிப் பாடநூல்களிலும் காலை வழிபாட்டுக் கூட்டங்களிலும் இடம்பெற்று வந்த பாடல். இதைக் குழந்தைப் பாடல் என்றோ கடவுள் வாழ்த்து என்றோ வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். இயற்கை, அமைதி, மக்கள் ஒற்றுமை ஆகிய மூன்றையும் ஒரே பாட்டில் வைத்து, பலர் ஒன்றுசேர்ந்து பாடுவதற்கென்றே அமைந்தது போன்ற தமிழ்ப் பாடல்கள் அதிகம் இல்லை. அந்த நோக்கில் இப்பாடலின் அமைப்பையும் நிறைகுறைகளையும் பாடும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கவிஞரும் ஊரும்

இராமலிங்கம் பிள்ளை 1888 அக்டோபர் 19 அன்று மோகனூரில் பிறந்தார். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல் பகுதி 1997 முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. காவிரிக் கரையில் உள்ள மோகனூரில் நெல்லும் வாழையும் விளையும். சிறிது வடக்கே போனால் மழையை நம்பிய செம்மண் காடுகள். சோளமும் நிலக்கடலையும் அங்கே பயிர். ஆற்றுப் பாசனத்தையும் வானம் பார்த்த பூமியையும் ஒருசேரக் கண்டு வளர்ந்தவர் கவிஞர் என்பதை நினைவில் கொண்டால் இப்பாடலின் சில இடங்கள் கூடுதலாக விளங்கும்.

அவர் ஓவியராகவும் விளங்கினார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு 1932இல் சிறை சென்றார். 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். 1971இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1972 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார்.

கூடிப் பாடுதல் என்னும் மரபு

பலர் சேர்ந்து பாடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பயிற்சி பெற்ற குழு பாட மற்றவர்கள் கேட்பது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் (1824) வரும் மனித ஒற்றுமைப் பாட்டு இவ்வகை. தமிழில் எம். பி. சீனிவாசன் வளர்த்த சேர்ந்திசையும் பயிற்சியை வேண்டுவதே. பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒலித்து இணையும் முறையை அவர் பாரதியின் பாடல்களுக்கும் பயன்படுத்தினார்.

மற்றொன்று, வந்திருக்கும் எல்லோருமே பாடுவது. இங்கே கேட்பவர் என்று தனியாக யாரும் இல்லை. மார்கழித் திருப்பாவை, பஜனை, கும்மி, தேவாலயங்களில் பாடும் தமிழ்க் கீர்த்தனை எல்லாம் இவ்வகையில் அடங்கும். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவது இம்மரபின் அடிப்படை. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பாட்டு எளிதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நாமக்கல் கவிஞரின் பாடலை இந்த இரண்டாம் வகையில் வைத்தே மதிப்பிட வேண்டும். முதல் வகைக்குரிய இசை நுணுக்கத்தை இதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பாடலின் கட்டமைப்பு

பாடலில் ஐந்து பகுதிகள் உள்ளன. முதல் பகுதி ஞாயிறு, திங்கள், விண்மீன், இடி, மழை ஆகியவற்றைக் காட்டி இவை எப்படி நிகழ்கின்றன என்று வினவுகிறது. இரண்டாம் பகுதி புல், விதை, கருவில் வளரும் சிசு என்று மண்ணுக்கும் உயிருக்கும் வருகிறது. மூன்றாம் பகுதி விலங்கு, மீன், பறவை, பூச்சி, செடி கொடி என உயிர்களின் பெருக்கத்தை அடுக்குகிறது. நான்காம் பகுதி, பல சமயத்தார் பரம்பொருளை அழைக்கும் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. ஐந்தாம் பகுதி, அன்போடு கூடி வாழ்வோம் என்ற உறுதிமொழியாக முடிகிறது.

இந்த வரிசையில் வினைச்சொற்கள் மாறிவரும் விதம் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் வருபவை வினாக்கள். மூன்றாம் பகுதியில் பார்க்கச் சொல்லும் ஏவல் வருகிறது. நான்காம் பகுதியில் 'என்பார்கள்' என்ற படர்க்கை. கடைசிப் பகுதியில்தான் தன்மைப் பன்மை வினைமுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 'ஓம்' விகுதி பெற்ற இவ்வினைகள் பாடுகிறவர் அனைவரையும் உள்ளடக்குகின்றன. ஆகவே பாடத் தொடங்கும்போது தனித்தனியாக வியக்கும் குழந்தைகள், முடிக்கும்போது 'நாம்' என்ற கூட்டமாகிவிடுகிறார்கள். இலக்கண வகுப்பில் தன்மைப் பன்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அடிகள் பெரும்பாலும் மூன்று சீர் கொண்டவை. முதல் இரு சீர்களும் ஏறத்தாழ நான்கு மாத்திரையில் நடக்க, மூன்றாவது சீர் சற்று நீண்டு ஒலிக்கிறது. அந்த நீட்சியின் முடிவில் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. ஆறு வயதுக் குழந்தையின் மூச்சுக்கும் அறுபது வயதுக்காரரின் மூச்சுக்கும் பொருந்தும் அளவு இது. தாளம் சொல்லிலேயே இருப்பதால் கைதட்டியே பாடிவிடலாம், பக்கவாத்தியம் வேண்டியதில்லை.

இயற்கை: புகழ்ச்சியாக அன்றி வினாவாக

இயற்கையை முன்வைத்து இறைவனைப் பாடுவது உலகெங்கும் உள்ளது. அசிசி நகரத்துப் பிரான்சிசு 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய பாடலில் கதிரவனைச் சகோதரன் என்றும் நிலவைச் சகோதரி என்றும் உறவு கொண்டாடுகிறார். அது துதி, பாடுகிறவருக்கு விடை முன்பே தெரியும். நாமக்கல் கவிஞர் துதியில் தொடங்கவில்லை. குழந்தை கேட்கும் கேள்வியில் தொடங்குகிறார். அதனால்தான் இப்பாடல் அறிவியல் ஆசிரியருக்கும் பயன்படுகிறது.

யாரும் விதைக்காமலே, மழை விழுந்த மறுநாள் புல் தலைகாட்டுவதைப் பற்றிய கேள்வி இரண்டாம் பகுதியில் வருகிறது. எப்போதும் பசுமையாக இருக்கும் ஊரில் இது பெரிய செய்தி அல்ல. கோடையில் சிவந்து வெடித்துக் கிடந்த காடு, ஒரு மழைக்குப் பின் பச்சை போர்த்திக்கொள்வதை இராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ பார்த்தவருக்கு அது அதிசயம். கவிஞர் ஊர்ப்பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் மண்ணின் அனுபவம் வரிக்குள் இருக்கிறது.

அமைதி: இரண்டு பாடல்களின் ஒப்பீடு

இதே கவிஞரின் மற்றொரு கூட்டுப் பாடல் 'கத்தியின்றி' என்று தொடங்குவது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் பாடிச் சென்ற பாட்டு அது. சுமார் 150 மைல் நடந்த தொண்டர்களுக்கு அது வழிநடைப் பாட்டு. கால் எடுத்து வைக்கும் வேகம் அதன் சந்தத்தில் இருக்கிறது.

இரண்டும் அமைதியைப் பாடுபவை. ஆனால் நிற்கும் இடம் வேறு. நடைப்பாட்டு வழியில் நிற்பவர்களை முன்னிலையில் விளித்து வந்து சேரச் சொல்கிறது. வழிபாட்டுப் பாட்டு ஏற்கெனவே கூடி நிற்பவர்களைப் பார்த்து, இனி எப்படி வாழ்வது என்று பேசுகிறது. இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அமைதியை எதிர்மறைச் சொற்களால் விளக்குவது. முதலாவது, இந்தப் போரில் படை இல்லை, கொல்லும் எண்ணம் இல்லை என்று அடுக்குகிறது. இரண்டாவது, பிறரை இகழாமை, மனத்தாலும் தீங்கு எண்ணாமை என்று சொல்கிறது. அமைதி என்பது வெறும் உணர்ச்சி அன்று, சிலவற்றைச் செய்யாதிருக்கும் கட்டுப்பாடு என்பது காந்தியக் கருத்து. அதைக் குழந்தைகளின் வாய்க்குப் பொருந்தச் சொன்னது கவிஞரின் வெற்றி.

குறைகள்

பாராட்டோடு நிறுத்திவிட்டால் அது திறனாய்வு ஆகாது. மூன்று ஐயங்களை எழுப்பலாம்.

முதலாவது, கருத்தின் ஓட்டம். இரண்டாம் பகுதி இயற்கைக்குப் பின்னால் ஒரு 'விசை' இருக்கலாம் என்று ஊகமாகச் சொல்கிறது. மூன்றாம் பகுதியோ 'கர்த்தன்' ஒருவன் இருப்பது மெய் என்று உறுதி கூறுகிறது. நான்காம் பகுதி மீண்டும் 'ஒரு பொருள்' என்ற பொதுச் சொல்லுக்குத் திரும்புகிறது. விசை, கர்த்தன், பொருள் மூன்றும் ஒன்றல்ல. உயிர்கள் பலவாக இருப்பதாலேயே படைத்தவன் ஒருவன் உண்டு என்ற முடிவு, பரிணாமம் படித்த மேல்வகுப்பு மாணவருக்குப் போதாது. கேள்வியில் இருந்த திறந்த மனம் இந்த ஓர் இடத்தில் சற்று அவசரப்படுகிறது.

இரண்டாவது, பிறர் வழிபாட்டு முறை பற்றி நமக்கென்ன என்ற போக்கு. இதைத் தனியே எடுத்துப் படித்தால் பிற சமயத்தாரிடம் அக்கறையின்மை போலத் தோன்றும். ஆனால் அன்பாகக் கலந்து பழகுவோம் என்ற அழைப்பு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே அது ஒதுங்கிப் போவது அன்று, குறுக்கிடாமல் இருப்பது. பாடும்போது அந்த இரண்டு கருத்துகளையும் பிரிக்கக் கூடாது.

மூன்றாவது, கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை இதைப் பாடலாமா என்ற கேள்வி. வணங்குவோம் என்ற சொல் பாட்டில் இருப்பதை மறைக்க முடியாது. எனினும் பாடலின் இறுதி உறுதிமொழி வழிபாட்டு முறையைப் பற்றியது அன்று, நடத்தையைப் பற்றியது. நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து சொல்லக்கூடிய உறுதிமொழி அது. வள்ளலார் 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டபோது சாதி சமயங்களைக் கடந்த ஒருமையை நாடினார். நாமக்கல் கவிஞர் சமயங்களைக் கடக்கச் சொல்லவில்லை. அவரவர் பெயரோடு அருகருகே நிற்கச் சொல்கிறார். பலதரப்பட்ட மாணவர் படிக்கும் பொதுப்பள்ளிக்கு இது பொருத்தமான நிலை.

பாடும் முறை

இப்பாடல் இன்று இரண்டு வகையில் குறுகி வருகிறது. ஒன்று, மதிப்பெண்ணுக்கான மனப்பாடப் பகுதியாதல். மற்றொன்று, ஒலிபெருக்கி முன் இரண்டு மாணவியர் பாட, மற்றவர் வாய்மூடி நிற்பது. பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிடும் பள்ளிகளும் உண்டு. 'நாம்' என்று முடியும் பாட்டை நானூறு பேர் மௌனமாகக் கேட்டால் பாட்டின் பொருளே கெட்டுவிடுகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, இசைத்தட்டுகளைத் தவிர்த்து வாயால் பாட வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியது. அதே விதி இதற்கும் பொருந்தும்.

வகுப்பறை அனுபவத்தில் பயன்பட்ட சில வழிகள்:

முதலிரு பகுதிகளின் வினாக்களை ஒரு பாதி மாணவர் கேட்க, மறு பாதியினர் அதே அடியைத் திருப்பிப் பாடலாம்.

மூன்றாம் பகுதியில் வரும் உயிரினப் பட்டியலுக்கு வரிசைக்கு ஓர் அடியாகப் பிரித்துக் கொடுக்கலாம். பாடத் தயங்கும் பிள்ளைகளும் இதில் சேர்ந்துகொள்வார்கள்.

நான்காம் பகுதியில் ஒவ்வொரு சமயப் பெயரையும் அந்தந்தச் சமயப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கக் கூடாது. எல்லாப் பெயர்களையும் எல்லோரும் சொல்வதில்தான் பாட்டின் அறம் இருக்கிறது.

ஐந்தாம் பகுதியை ஆசிரியர்களும் சேர்ந்து பாட வேண்டும். சுருதியைத் தாழ்த்தி எடுப்பது நல்லது. குரல் உடையும் வயதுப் பையன்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது பெரும்பாலும் உயர்ந்த சுருதியால்தான்.

மதிப்பீடு

கற்பனை வளத்திலோ சொல்லழகிலோ பாரதியின் பாடல்களுக்கு இணையாக இதைச் சொல்ல முடியாது. உவமைகள் குறைவு, சொற்கள் அன்றாடச் சொற்கள். கூடிப் பாடும் பாட்டுக்கு அது குறையாகாது. தனியே படித்துச் சுவைக்கும் கவிதையில் சொல் நம்மை நிறுத்த வேண்டும். கூட்டத்தில் பாடும் பாட்டில் சொல் நம்மை நிறுத்தாமல் அழைத்துச் செல்ல வேண்டும். வானத்தில் தொடங்கி, மண்ணுக்கு வந்து, உயிர்களை எண்ணி, அண்டை வீட்டாரின் தெய்வத்துக்கும் இடம் கொடுத்து, கூடி வாழும் உறுதியில் முடியும் இந்தப் பாடல் அந்த வேலையைச் செம்மையாகச் செய்கிறது. பாடநூலில் அச்சாகி இருப்பதால் மட்டும் அது நிலைத்துவிடாது. காலை மணி அடித்ததும் திடலில் நிற்கும் அத்தனை பேரும் வாய் திறந்தால்தான் அது பாட்டு.