கோவலனைப் பிடித்தவர்கள்: காவல் அறம் நோக்கில் கொலைக்களக் காதை

சிலப்பதிகாரத்தில் நீதி பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் வழக்குரை காதையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். அவிழ்ந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாகக் கண்ணகி அவைக்கு வருவதும், சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறிப்பதும், பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறப்பதும் பள்ளி மேடைகளில் பன்முறை நடிக்கப்பெற்றவை. ஆனால் அவையில் வழக்கு நடந்தபோது தீங்கு முன்னரே முடிந்துவிட்டிருந்தது. அரசனின் ஆணைக்கும் கோவலனின் உடலில் பட்ட வாளுக்கும் இடையே சிலர் நின்றனர். காப்பியம் அவர்களை ஊர்காப்பாளர் என்கிறது. நம் திறனாய்வு பழியை ஊழுக்கும் பொற்கொல்லனுக்கும் அரசனுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, இவர்களை எண்ணாமல் விட்டுவிட்டது. காவல் பணிக்குப் பயிற்சி பெறுவோர்க்கு உரிய பாடமாகக் கொலைக்களக் காதையின் இப்பகுதியைப் படிக்க முடியுமா என்பதையே இக்கட்டுரையில் நாம் நோக்க முற்படுகிறோம்.

இவ்வினா நமக்குத் தானாகத் தோன்றியதன்று. வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த காலத்தில், கருத்தரங்கு ஒன்றில் இக்கதையைச் சொல்லி முடித்தோம். தமிழறியாத சட்டத்துறை ஆய்வு மாணவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "பிடித்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்பது. கண்ணகியின் கற்பு, ஊழ், மதுரை எரிந்தது ஆகியவை பற்றிய வினாக்களுக்கு ஆயத்தமாகச் சென்றிருந்த நம்மிடம் அதற்கு விடை இல்லை.

ஆணை பிறந்த சூழலிலிருந்து தொடங்குவோம். ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் ஈடுபட்டதைக் கண்டு ஊடிய அரசி, தலைநோவு என்று சொல்லி அகன்றாள். அவளைத் தேடி, அமைச்சர்களை விட்டு நீங்கி அரசன் செல்லும் வழியில், அந்தப்புரத்து வாயிலில் பொற்கொல்லன் விழுந்து வணங்கி முறையிட்டான். ஆராய்வதற்கு அவை இல்லை. அறிவுரை சொல்ல அமைச்சர் இல்லை. பிறந்த ஆணையும் நிபந்தனையோடு கூடியது: அரசியின் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின், கொன்று அதனைக் கொணர்க என்பது அதன் பொருள். 'கொல்ல' என்று சொல்லக் கருதியவன் ஊழ்வயப்பட்டுக் 'கொன்று' என்று சொல்லிவிட்டான் என உரை மரபு ஒரு சொல்லின் ஈற்றில் நின்று அரசனைக் காக்க முயல்கிறது. அந்நுட்பத்தை நாம் மதிக்கிறோம். எனினும் அது 'இருக்குமாயின்' என்ற சொல்லின் பொறுப்பை மறைத்துவிடுகிறது. இருக்கிறதா என்று தேர வேண்டியவர் யார்? அரசன் யாரையும் குறிக்கவில்லை. ஆணையைப் பெற்ற ஊர்காப்பாளர் மீதே அக்கடமை விழுந்தது. அவர்களோ அதனைப் பொற்கொல்லனிடமே விட்டுவிட்டனர். சிலம்பின் வேலைப்பாடுகளை ஒவ்வொன்றாக விளக்கி இதுவே அது என்று காட்டியவன் அவனே. முறையீட்டாளனும் அவனே, பொருளை அடையாளம் காட்டியவனும் அவனே, துறை வல்லுநனும் அவனே. உண்மையில் அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே என்பதைக் காவலர் அறிந்திருக்க இயலாது. ஆனால் ஒருவனுடைய சொல் மட்டுமே தம் கையில் இருக்கிறது என்பதை அறிந்திருக்கலாம். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், மூவர் சொல் ஒத்தால்தான் தெளிய வேண்டும் என்று குறளின் ஒற்றாடல் அதிகாரம் வகுத்திருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

இன்றைய சட்ட மொழியில் இதனைச் சொல்லிப் பார்ப்போம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் 114ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. களவு நடந்த சிறிது காலத்துக்குள் களவுப் பொருளைக் கையில் வைத்திருப்பவன், அது தனக்கு எவ்வாறு வந்தது என்று கணக்குச் சொல்ல இயலாதபோது, கள்வன் என்றோ களவுப் பொருள் என்று அறிந்தே பெற்றவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். கோவலனைப் பிடித்தவர்கள் இந்த ஊகத்தின் முற்பாதியை மட்டும் பின்பற்றினர் எனலாம். கையிலிருப்பது களவுபோன பொருள்தானா என்பது முதலில் நிறுவப்பட வேண்டும். அதன் பின்னர் வைத்திருப்பவனுக்குக் கணக்குச் சொல்ல வாய்ப்பளிக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் பெருமுயற்சி தேவைப்படவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவையில் அரசன் உடனே சொல்லிவிடுகிறான். அவ்வொரு சொல்லை முன்னரே கேட்டிருக்கலாம். இணைச் சிலம்பு மாதரி வீட்டில், கண்ணகியிடம் இருந்தது. கோவலனை வாய் திறக்கவிட்டிருந்தால் ஆயர் சேரி வரை ஒருவரை அனுப்பினாலே போதும். ஆனால் அக்காட்சி முழுவதிலும் காவலர் கோவலனிடம் ஒரு வினாவும் கேட்கவில்லை. அவனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், அவனோடு பேசவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டதுதான் இக்காதையின் மிக நுட்பமான பகுதி என்பது நம் கருத்து. கோவலனைக் கண்டதும் காவலர் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்கின்றனர். இத்தயக்கத்தை மனச்சான்றின் குரலாகப் போற்றுவோர் உண்டு. நாம் அவ்வளவு எளிதாகப் போற்றத் தயங்குகிறோம். முடிவு சரியானது; அதற்குக் கூறிய காரணம் தவறானது. அங்க இலக்கணம் பார்த்து ஒருவனைக் குற்றமற்றவன் என்று கொள்ளும் கண், நாளை கறுத்து மெலிந்து கந்தை உடுத்த வேறொருவனை அதே இலக்கணத்தால் கள்வன் என்று கொள்ளும். சாலைத் தடுப்பில் எந்த இளைஞனை நிறுத்துவது, எவனை விடுவது என்று நொடியில் முடிவு செய்யும் பணியாளருக்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று.

காரணம் வலுவற்றது ஆதலால் தயக்கமும் நிலைக்கவில்லை. பொற்கொல்லன் இகழ்ச்சியாகச் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினைத் துணையாகக் கொள்பவர் கள்வர் என்று விரித்துரைக்கிறான். தூதர் கோலத்தில் அரண்மனை வாயிலில் இருந்து, மாதர் கோலத்தில் இருளில் உட்புகுந்து, இளங்கோவேந்தன் மார்பின் ஆரத்தைக் கவர்ந்து தப்பிய கள்வனின் கதையையும் சொல்கிறான். இவற்றுள் ஒன்றேனும் கோவலனைப் பற்றியது அன்று. கள்வர் என்ற இனத்தைப் பற்றிய பொதுச் செய்திகள் எதிரில் நிற்கும் தனிமனிதன் மீது சுமத்தப்படுகின்றன. அமைதியான தோற்றமே தந்திரத்துக்குச் சான்றாக மாறிவிட்ட பின்னர், கோவலன் தன்னை மெய்ப்பிக்க வழியே இல்லை.

அடுத்து வேலேந்திய இளங்காவலன் ஒருவன் பேசுகிறான். மழை பெய்யும் நள்ளிரவில், ஊர் உறங்கும் வேளையில், நீல உடையும் கையில் உளியுமாகப் புலிபோல் வந்த கள்வன் ஒருவன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டான் என்கிறான். பொற்கொல்லனுடைய பேச்சு சூழ்ச்சி. இவனுடையது மெய்யான அச்சம். பணியில் ஒருமுறை தோற்ற காவலன், அத்தோல்வியை அடுத்து வரும் ஒவ்வொருவன் முகத்திலும் காண்கிறான். அரசன் தம்மை ஒறுப்பான் என்ற மற்றோர் அச்சமும் அவன் வாயிலிருந்தே வெளிப்படுகிறது. செய்யத்தக்கதைச் சொல்லுங்கள் என்று தோழரை வேண்டுகிறான். மேலிடத்துச் சினத்துக்கும் கண்முன் நிற்பவன் உயிருக்கும் இடையே நிற்கும் எந்தக் காலத்துக் காவலனும் கேட்கக்கூடிய வேண்டுகோள் அது. யாரேனும் மறுமொழி சொல்லியிருக்கக்கூடும். அதற்குள் கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆலோசனை நடந்துகொண்டிருக்கும்போதே அதில் கலந்துகொள்ளாத ஒருவன் செயலை முடித்துவிடுவதும், மற்றவர் அதனைத் தம் முடிவாக ஏற்றுக்கொள்வதும் குழுவாகச் செயற்படும் ஆயுதப் பணிகளுக்கே உரிய இடர். படையில் ஒருவன் தடுத்தான் என்றோ அழுதான் என்றோ காப்பியம் சொல்லவில்லை.

இவ்விடத்தை நிரப்பத்தான் பிற்காலச் சட்டங்கள் தோன்றின. கைது செய்யப்படுபவருக்குக் காரணத்தை இயன்ற விரைவில் தெரிவித்தல், வழக்கறிஞரை அணுக விடுதல், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துதல் ஆகியவற்றை மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு விதிக்கிறது. 2007ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் சேர்ந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 28ஏ பிரிவு இவ்வுரிமைகளை மேலும் விரித்தது. காவல் படையைச் சீர்செய்ய அமைந்த அரச விசாரணை ஆணையம் 2005ஆம் ஆண்டில் 125 பரிந்துரைகளை வழங்கியது. அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது, தவறிய காவலரைப் படைக்கு வெளியே நின்று விசாரிக்கும் தனி அமைப்பு. காவல்துறை நடத்தைக்கான சுதந்திர ஆணையம் 2023ஆம் ஆண்டு சூலையில்தான் செயற்படத் தொடங்கியது. அதுவும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமின்றி, பரிந்துரை செய்யும் நிலையிலேயே உள்ளது. காவலில் உறவை இழந்த குடும்பங்களுள் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் கொலைக்களக் காதையைப் பழங்கதையாக மட்டும் படிக்க இயலாது.

சிலப்பதிகாரத்திலேயே மாற்று வழி ஒன்று காட்டப்பட்டிருக்கிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வார்த்திகன் கதையைச் சொல்கிறது. அவன் மகனுக்குப் பராசரன் அணிகலன்கள் பரிசளித்தான். திடீரென வந்த செல்வத்தைக் கண்ட அரச ஊழியர், புதையலைக் கவர்ந்தவன் என்று வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அரற்றினாள். கொற்றவை கோயிற் கதவு திறக்கவில்லை. அரசன் வினவி உண்மையறிந்து, அறியா மாக்களால் தன் முறை பிழைத்தது என்று பொறுத்தருள வேண்டி, தங்காலும் வயலூரும் வழங்கினான். இவ்வழக்கிலும் கையில் இருந்த பொருளே சான்றாகக் கொள்ளப்பட்டது, விளக்கம் கேட்கப்படவில்லை. ஆனால் இது சிறை, வாள் அன்று. ஆதலால் தவற்றைத் திருத்தக் காலம் இருந்தது. பயிற்சி வகுப்பில் இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும் என்பது நம் துணிபு.

இதனால் சிலப்பதிகாரத்தை நீதிநூலாக அப்படியே கையளித்துவிடலாம் என்று நாம் கருதவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று எனப் பாண்டியன் சொல்லும் விடை தண்டனை பற்றியது; கொல்லப்பட்டவன் கள்வன்தானா என்பது பற்றியது அன்று. கண்ணகியின் வழக்கு இரண்டாவதைத் தொட்டு வெல்கிறது. முதலாவதை எவரும் கேள்விக்கு உட்படுத்தவில்லை. பின்னர் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்கு விழா எடுத்ததை உரைபெறு கட்டுரை எவ்வித முகச்சுளிப்புமின்றிப் பதிவு செய்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு தொழிலினரே பலியாயினர். அவர்களுக்கும் மனைவியர் இருந்திருப்பர். அவர்களுள் எவரும் அவைக்கு வந்து வழக்குரைத்ததாகக் காப்பியம் கூறவில்லை.

அச்சட்ட மாணவரின் கேள்விக்கு நாம் இன்றும் முழு விடை தர இயலாத நிலையில்தான் இருக்கிறோம். அரசன் மாண்டான், அரசியும் மாண்டாள், நகரம் எரிந்தது, பொற்கொல்லர் ஆயிரவர் மாண்டனர். வாள் வீசியவனையோ உடன் நின்றவர்களையோ பற்றி அதன் பின்னர் ஒரு சொல்லும் இல்லை.