இழவில்லா இறப்பு: பிரித்தானியச் சிற்றூர்த் துப்பறியும் தொலைக்காட்சித் தொடர்கள் தரும் ஆறுதல்

ஆய்வுச்சுருக்கம்

கொலையைக் கதைப்பொருளாகக் கொண்டும் பார்ப்பவருக்கு ஆறுதல் தருவன பிரித்தானியச் சிற்றூர்த் துப்பறியும் தொடர்கள். குற்றவாளி பிடிபட்டு ஒழுங்கு மீள்வதே இவ்வாறுதலுக்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். அவ்விளக்கம் போதாது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அழுகை, அச்சம் ஆகிய இரு மெய்ப்பாடுகளும் கதையிலிருந்து விலக்கப்படும் முறையிலேயே ஆறுதல் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியக் கருத்துகளின் துணைகொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் தொடர், மெய்ப்பாடு, கருப்பொருள், மிட்சமர் மர்டர்ஸ், இன்ஸ்பெக்டர் மோர்ஸ், அகதா கிறிஸ்டி

கொலையும் ஓய்வும்

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் டிரிபியூன் இதழில் ஆங்கிலேயக் கொலையின் வீழ்ச்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், வயிறார உண்டு, சாய்விருக்கையில் செய்தித்தாளோடு அமரும் ஒரு குடும்பத் தலைவர் படிக்க விரும்புவது என்ன என்று கேட்டு, கொலைச் செய்தியே என்று விடை கூறி அக்கட்டுரை தொடங்குகிறது. ஐம்பத்தோராண்டுகள் கழித்து, 1997 மார்ச் 23 அன்று ஐடிவி தொலைக்காட்சி மிட்சமர் மர்டர்ஸ் தொடரின் முதற்கதையை ஒளிபரப்பியது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே. நாளும் இருக்கையும் மாறவில்லை. ஆயின் ஆர்வெல் கூறிய வாசகர் படித்தது உண்மையில் நிகழ்ந்த கொலைகளை. தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர் கண்டதோ, உலகில் எங்குமில்லாத ஒரு மாவட்டத்தில் எவருக்கும் நேராத கொலைகளை.

இவ்வகைக் கதைகளை ஆங்கிலத்தில் 'கோஸி' என்பர். தேநீர்க் கெண்டியின் சூடு ஆறாதிருக்க அதன்மேல் கவிழ்க்கும் துணியுறைக்கும் அதுவே பெயர். திறனாய்வாளர் சிலர் இப்பெயரை இகழ்ச்சியாக ஆள்வதுண்டு. பொருத்தம் என்னவோ குறையவில்லை. உள்ளே கொதிநீர் இருக்கிறது. தொடுபவர் கையில் மென்மையும் இளஞ்சூடும் மட்டுமே படுகின்றன.

இந்த இதம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் புகழ்பெற்ற விடையொன்றைக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் தந்தார். துப்பறியும் கதை தமக்கு ஒரு போதைப் பழக்கம் என ஒப்புக்கொண்ட அவர், அக்கதையின் ஊரை ஏதேன் தோட்டமாகக் கண்டார். குற்றமற்ற ஊரில் பிணம் விழுகிறது. அனைவர்மீதும் ஐயம் படர்கிறது. கொலைஞன் அகற்றப்பட்டதும் ஊர் மாசு நீங்குகிறது. படிப்பவரும் தம் குற்றவுணர்விலிருந்து சற்றுநேரம் விடுபடுகிறார்.

தனித்து நிற்கும் ஒரு நாவலுக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்தும். ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடருக்குப் பொருந்துமா? மிட்சமரில் ஒரு கதைக்கு ஒரு கொலை போதுவதில்லை. இரண்டு மூன்று விழுவது வழக்கம். ஜான் நெட்டில்ஸ் நடித்த டாம் பார்னபி 2011இல் ஓய்வுபெற, நீல் டட்ஜன் நடிக்கும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஜான் பார்னபி பணியேற்றார்; கொலைகள் நின்றபாடில்லை. மாசு நீங்கிய ஊராக அதை எவரும் கருத முடியாது. அங்கு ஒழுங்கு மீள்வதே இல்லை. துப்பறிவாளர் மீண்டும் வருகிறார், அவ்வளவே. ஆடனின் விளக்கம் தடுமாறும் இடம் இதுவே.

முதலும் கருவும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றைச் சார்ந்து தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள் என்றும் பகுக்கும் தொல்காப்பிய முறை இத்தொடர்களுக்கு வியப்பூட்டும் அளவிற்கு ஒத்துவருகிறது. நிலம், தென்னிங்கிலாந்தின் சிற்றூர். பொழுது, பெரும்பாலும் வெயில் தணிந்த கோடை. தெய்வத்தின் இடத்தில் கோபுரமுள்ள பழைய தேவாலயம். உணவு, தேநீரும் வீட்டில் சுட்ட கேக்கும். பறைக்கு ஈடாக ஆலயமணி. மணியடிப்போர் குழுவையே களமாகக் கொண்ட கதையும் மிட்சமரில் உண்டு. தொழில் என்று பார்த்தால் தோட்டக்கலைப் போட்டி, ஊர்த்திருவிழா, கிரிக்கெட். வயிற்றுப்பாட்டுக்காக உழைப்பவரைக் காண்பது அரிது.

யாழ் தனியே நோக்கத்தக்கது. ஜிம் பார்க்கர் அமைத்த மிட்சமரின் முகப்பிசையில் தெரமின் என்னும் மின்னிசைக் கருவி ஒலிக்கிறது. கையால் தொடாமலே வாசிக்கப்படும் அக்கருவியைப் பேய்ப்படங்களும் அறிவியல் புனைவுப் படங்களும் அச்சமூட்டப் பயன்படுத்தின. மிட்சமரில் அது ஒரு வால்ட்ஸ் நடன மெட்டை இசைக்கிறது. பேயின் குரலில் ஊஞ்சல் அசைவு. தொடரின் இயல்பு முழுவதையும் முதல் நிமிடத்திலேயே இசையமைப்பாளர் சொல்லிவிட்டார்.

இக்கருப்பொருள்கள் வெறும் ஒப்பனை அல்ல என்பதற்கு ஃபாதர் பிரவுன் சான்று. செஸ்டர்டன் 1910 முதல் எழுதிய கதைகளில் இப்பாதிரியார் ஓரிடத்தில் நிலைப்பவர் அல்லர். இலண்டன் தெருவிலும் தோன்றுவார், வெளிநாட்டிலும் தோன்றுவார். 2013இல் பிபிசி பகல்நேரத் தொடராக எடுத்தபோது அவரைக் கெம்பிள்ஃபோர்டு என்னும் கற்பனைச் சிற்றூரில், 1950களில் குடியமர்த்தியது. அலைந்து திரிந்தவருக்கு ஊரும் மிதிவண்டியும் வீட்டுச் சமையலும் கிடைத்தன. கதைகளை இழந்தாலும் ஊரை இழக்கத் தொலைக்காட்சி ஒப்பவில்லை.

அழுகை சென்ற இடம்

மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் நான்கு நிலைக்களங்களுள் ஒன்று இழவு. மருட்கைக்குக் கூறுவனவற்றுள் ஒன்று புதுமை. சிற்றூர்த் துப்பறியும் தொடரில் இறப்பு, இழவு என்னும் களத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் புதுமை என்னும் களத்தில் வைக்கப்படுகிறது. பிணத்தைக் கண்டவுடன் எழ வேண்டிய உணர்வு 'ஐயோ' என்பதன்று; 'எப்படி?' என்பதே. இறந்தவரின் வீட்டில் துப்பறிவாளர் காணும் மனைவியோ மகனோ ஐந்து நிமிடத்தில் தேநீர் கொடுத்து வினாக்களுக்கு விடை கூறுவர். கண்ணீர் சிந்தினால் அதுவும் ஒரு துப்பு. மிகுதியாக அழுபவர்மீதே ஐயம் கூடும்.

ஆயினும் இவ்வகையின் சிறந்த ஆக்கங்கள் அழுகையை முற்றிலும் துடைத்தெறிவதில்லை. எதிர்பாராத ஒருவரிடம் அதைக் கைமாற்றிவிடுகின்றன. மூன்று எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும்.

முதலாவது, கரோலின் கிரஹாமின் நாவலிலிருந்து ஆண்டனி ஹோரோவிட்ஸ் திரைக்கதை அமைத்த மிட்சமரின் முதற்கதை. காட்டில் அரிய ஆர்க்கிட் மலரைத் தேடிச்சென்ற முதிய ஆசிரியை எமிலி சிம்ப்சன், காணக்கூடாத ஒன்றைக் கண்டு, பின் வீட்டில் இறந்து கிடக்கிறார். இயற்கைச் சாவு என்று ஊர் ஓய்ந்துவிடும் நிலையில், தோழி லூசி பெல்ரிங்கர் காவல் நிலையத்திற்கு வந்து விடாப்பிடியாக நிற்கிறார். அவர் கதறுவதில்லை. பல்லாண்டு நட்பின் துயர் முழுவதும் பிடிவாதமாக உருமாறியுள்ளது. அந்த மூதாட்டியின் நச்சரிப்பு நகை விளைவிக்கிறது. ஆனால் அவர் இல்லையேல் புலனாய்வே இல்லை. பின்வந்த பல மிட்சமர் கதைகளில் இத்தகைய தோழி காணாமற்போனது அத்தொடரின் பெரிய இழப்பு.

இரண்டாவது, ஜோன் ஹிக்சன் மிஸ் மார்ப்பிளாக நடித்து பிபிசி 1985இல் ஒளிபரப்பிய ஒரு கொலை அறிவிக்கப்படுகிறது. அகதா கிறிஸ்டியின் மூலநாவல் 1950இல் வெளிவந்தது. போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலம். பக்கத்து வீட்டில் குடிவந்தவர் யாரென அவர் சொல்லித்தான் தெரிய வேண்டிய நிலை. மிஸ் மார்ப்பிளே இதனைச் சுட்டுகிறார். சிற்றூர் என்றால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த பழங்காலப் புகலிடம் என்ற எண்ணத்தை இந்நாவல் அடியோடு தகர்க்கிறது. ஆள்மாறாட்டம் செய்து வாழும் ஒரு பெண், தன் உண்மைப் பெயரை வாய்தவறிச் சொல்லிவிடக்கூடிய பழைய தோழி டோரா பன்னரை நஞ்சிட்டுக் கொல்கிறார். பிறந்தநாள் விருந்தும் சிறப்புக் கேக்கும் அளித்தபின் நிகழும் கொலை அது. கதையில் டோராவுக்காக உண்மையாக அழுபவர் ஒருவரே, அவர் கொலையாளி. அந்த அழுகை நடிப்பன்று. உலகில் தன்னை அன்பு செய்த ஒரே உயிரைத் தானே அழித்தவரின் இழவு அது. இறுதியில் மிஸ் மார்ப்பிள் அவரை வீழ்த்துவதும் டோராவின் குரலைப் போலப் பேசித்தான். கிறிஸ்டியிடம் புதிர் மட்டுமே உண்டு, மனிதர் இல்லை என்று கூறுவோர் இப்பகுதியை ஊன்றிப் படித்திலர்.

மூன்றாவது, இன்ஸ்பெக்டர் மோர்ஸ். காலின் டெக்ஸ்டரின் நாவல்களைத் தழுவி 1987 முதல் 2000 வரை 33 கதைகளாக வந்த இத்தொடரில் அழுகை துப்பறிவாளரிடமே வந்து சேர்கிறது. முதற்கதையில் சேர்ந்திசைக் குழுவில் பழகிய பெண்ணை மோர்ஸ் நாடிச் செல்ல, அவர் தூக்கில் தொங்கியவராகக் காணப்படுகிறார். மோர்ஸ் தம் படிப்பின் செருக்கால் இடிபஸ் கதையைக் கொண்டு ஒரு விளக்கம் புனைகிறார், அது பொய்த்துப்போகிறது. அறிவு தோற்கிறது, துயர் எஞ்சுகிறது. அவருடைய தனிமை, வாக்னர் இசை, பீர், சிவப்பு ஜாகுவார் ஆகிய யாவும் அத்துயரின் உறைகள். ஜான் தாவின் முகத்தில் பார்வையாளர் காண்பது தமக்காகவும் அழுதுவைக்கும் ஒருவரை. கூலிக்கு ஒப்பாரி வைப்போரைப்போல் அன்று. ஆனால் பணி ஏறத்தாழ அதுவே. ஆறுதலின் நுட்பமான வடிவம் இது. இழவை மறைப்பதினும் ஒருவரிடம் ஒப்படைப்பது நேர்மையானது.

இறை இல்லாத ஊர்

அச்சம் பிறக்கும் களங்களுள் அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு இறையையும் தொல்காப்பியம் வைக்கிறது. தண்டிக்கும் அரசு அஞ்சத்தக்கது என்பது அதன் தெளிவு. சிற்றூர்த் தொடரில் கள்வர் உண்டு, கொலைஞர் உண்டு; இறை மட்டும் இல்லை. கைவிலங்கு பூட்டிய கார் வளைவில் மறைந்ததும் கதை முடிகிறது. அக்கார் எங்குச் செல்கிறது?

1950களில் கதை நிகழ்வதாயின் அது தூக்குமரத்திற்குச் செல்கிறது. பிரிட்டனில் இறுதித் தூக்குகள் நிறைவேறியது 1964 ஆகஸ்டில். கொலைக்கான மரணதண்டனை 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு 1969இல் நிலையாக நீக்கப்பட்டது. அதற்குமுன், தன் மனைவியும் குழந்தையும் இறந்த வழக்கில் தூக்கிலிடப்பட்ட டிமதி எவன்ஸ் கொலையாளி அல்லர் என்பது பின்னர் தெரியவந்தது. அதே வீட்டில் வாழ்ந்த கிறிஸ்டி என்பவர் தொடர்கொலைஞர் என வெளிப்பட்டு 1953இல் தூக்கிலேறினார். 1955இல் ரூத் எல்லிஸ் தூக்கிலிடப்பட்டது நாட்டையே கலக்கியது. இவை நிகழ்ந்த அதே பத்தாண்டில்தான் கெம்பிள்ஃபோர்டின் பாதிரியார் மிதிவண்டியில் செல்கிறார். பாவமன்னிப்புக் கேட்குமாறு குற்றவாளியை அவர் வற்புறுத்தும் காட்சிகளில் மட்டும் தூக்குமரத்தின் நிழல் விழுகிறது. பகல்நேர நாடகம்தானே என்று ஒதுக்கப்படும் அத்தொடர், இவ்வொரு கூற்றில் மிட்சமரை விஞ்சிவிடுகிறது. மோர்ஸின் இளமையைக் கூறும் எண்டவர் 1965இல் தொடங்குவதும் ஒருவகையில் நல்வாய்ப்பு; தவறான ஆளைப் பிடித்தால் மீட்க முடியாது என்ற அச்சம் அவ்வாண்டுக்குப்பின் தணிகிறது.

ஹோரோவிட்ஸ் 2002இல் தொடங்கிய ஃபாயில்ஸ் வார் இந்த இறையையே கதையின் நடுவில் நிறுத்துகிறது. இரண்டாம் உலகப்போர், கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸ். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மடியும்போது ஒருவரின் கொலையைத் துருவுவதில் என்ன பொருள், போருக்குத் தேவைப்படுபவர் கொலை செய்திருந்தால் அரசு அவரைக் காக்கலாமா என்னும் வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. மனைவியை இழந்தவரும் மகனை விமானப்படைக்கு அனுப்பியவருமான ஃபாயில் உரக்கப் பேசுவதில்லை. மைக்கேல் கிச்சனின் நடிப்பில் ஒரு புருவ அசைவு ஒரு வாதத்திற்கு ஈடு. தேநீரும் பச்சை வயலும் இங்கும் உண்டு. இதம் குறையவில்லை, அதற்குரிய விலை மட்டும் மறைக்கப்படவில்லை.

யாருடைய ஊர்

காலின் வாட்சன் 1971இல் எழுதிய திறனாய்வு நூலில் இக்கற்பனை ஊருக்கு 'மேஹெம் பார்வா' என்று கேலிப்பெயர் சூட்டினார். அவருடைய குறை வர்க்கத்தைப் பற்றியது. வேலைக்காரர், கடைக்காரர் ஆகியோர் நகைப்புக்கே உரியவராக நிற்பதை அவர் கண்டார். 2011இல் வேறொரு குறை வெளிப்பட்டது. மிட்சமரின் தயாரிப்பாளர் பிரையன் ட்ரூ-மே ரேடியோ டைம்ஸ் இதழின் நேர்காணலில், சிறுபான்மை இனத்தவரைச் சேர்த்தால் அது ஆங்கிலேயச் சிற்றூராக இராது என்னும் பொருள்படப் பேசினார். நிறுவனம் அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. பின்னர் அவர் விலகினார். கண்டனம் நியாயமானதே. எனினும் அவர் மறைக்காமல் சொன்னது இவ்வகையின் அடித்தளத்தைப் பற்றிய ஓர் உண்மை. கொலைகாரன்கூட நம்மவன் என்பதே இந்த ஊர் தரும் ஆறுதல். அயலவர்மீது பழி விழாதது நன்றே. அயலவரே இல்லாததால் விழவில்லை என்பதுதான் சிக்கல்.

அண்மைய தொடர்கள் இதனை மாற்ற முயல்கின்றன. ஜேம்ஸ் ரன்சியின் கதைகளிலிருந்து 2014இல் தோன்றிய கிராண்ட்செஸ்டர், 2024இல் ரிஷி நாயர் நடிக்கும் ஆல்ஃபி கோட்டரம் என்னும் இந்திய வழிப் பாதிரியாரை ஊருக்குள் கொண்டுவந்தது. முன்னிருந்த திணைப் பகுப்பின்படி நோக்கினால், அயலவர் ஊரின் விளிம்பில் வைக்கப்படவில்லை; தெய்வம் என்னும் கருப்பொருளின் காவலராகவே அமர்த்தப்பட்டுள்ளார். துணிவான தேர்வு. ஆனால் கதை நிகழ்வது 1960களின் தொடக்கத்தில். காமன்வெல்த் நாட்டவரின் வருகைக்கு வரம்பு கட்டும் சட்டம் 1962இல்தான் இயற்றப்பட்டது. 1958இல் நாட்டிங்ஹில்லில் கறுப்பினத்தவர்மீது கும்பல்கள் பாய்ந்ததும் அவ்வூரார் நினைவில் பழையதாகியிராது. தேவாலய வாயிலில் புதிய பாதிரியார் கைகுலுக்கும்போது எதிரே நிற்பவர்களின் முகத்தில் இவை எவ்வளவு தெரியலாம், எவ்வளவு தெரிந்தால் ஞாயிறு மாலையின் இளஞ்சூடு ஆறிவிடும் என்பதை ஒவ்வொரு கதையிலும் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டிய நிலையில் அத்தொடரின் எழுத்தாளர்கள் இருக்கின்றனர்.