விதி வளர்த்த கைகள்: கராத்தேப் பாணிகளும் அவற்றின் போட்டியும்

சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது பொம்மிடி. இந்த ஊரில் கராத்தே பழகும் பிள்ளைகள் போட்டி என்றால் பெரும்பாலும் சேலம், தருமபுரிப் பக்கம் போக வேண்டியிருக்கும். அங்கே ஒரே வரிசையில் தொடங்கும் கட்டாவை, அதாவது வரையறுத்த அசைவுத் தொடரை, பக்கத்து ஊர்ப் பிள்ளை வேறு மாதிரி செய்வதைப் பார்ப்பார்கள். நின்ற நிலை வேறு, கை வீச்சு வேறு, மூச்சு விடும் இடம்கூட வேறு. திரும்பி வந்ததும் கேள்வி வரும்: "மாஸ்டர், நம்ம ஸ்டைல் சரியா, அவங்க ஸ்டைல் சரியா?"

பெற்றோரும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: எந்த ஸ்டைலில் சேர்த்தால் நல்லது? நூறாண்டுக் கால வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். பாணிகள் எந்த அடியைக் கற்றுத் தருகின்றன என்பதில் வேறுபாடு அவ்வளவு இல்லை. போட்டியில் எந்த அடியைத் தடை செய்கின்றன என்பதில்தான் அவை பிரிகின்றன. தடுத்த அடிக்கு உடல் காவல் போடுவதில்லை. அனுமதித்த அடிக்கு ஏற்ப உடல் வளர்கிறது.

மூன்று ஊர்களின் கை

கராத்தேயின் தாய்வீடு ஒகினாவா. அது ஜப்பானின் ஒரு பகுதியாவதற்கு முன்பு ரியூக்கியூ என்ற தனி அரசாக இருந்தது. அரசனின் கோட்டை இருந்த ஷுரி, துறைமுகமான நாஹா, அருகிலிருந்த தொமாரி ஆகிய மூன்று இடங்களின் பெயரால் ஷுரி-தே, நாஹா-தே, தொமாரி-தே என்று மூன்று வழிகளைச் சொல்வார்கள்; 'தே' என்றால் கை. இன்று மூன்றுமே நாஹா நகருக்குள் அடங்கிவிட்டன. நடந்தே போகக்கூடிய தூரத்துக்குள் இத்தனை வேறுபாடு.

ஷுரி வழி வேகத்தையும் நேர்கோட்டு அடியையும் நம்பியது. நாஹா வழியின் பெரிய ஆசான் கன்ரியோ ஹிகாவோன்னா, சீனாவின் ஃபூசோ நகரில் பயின்றவர். அவர் வழியில் மூச்சும், தரையில் ஊன்றிய காலும், நெருங்கி நின்று பிடித்து அடிப்பதும் முக்கியம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷுரி வழியைச் சேர்ந்த அன்கோ இதோசு, கராத்தேயை ஒகினாவாப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். மாணவர்களுக்காகப் பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தார். ஒருவருக்கு ஒருவர் மறைவாகச் சொல்லித் தந்த கலை, வரிசையில் நின்று பிள்ளைகள் செய்யும் உடற்பயிற்சியாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்ற தேர்வு அன்றே தொடங்கிவிட்டது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இன்று தரப்படும் தற்காப்புப் பயிற்சிக்கும் அந்தத் தேர்வே முன்னோடி.

நான்கு குடும்பங்கள்

இதோசுவின் மாணவர்களில் ஒருவரான கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டினார். 1924இல் தம் மாணவர் சிலருக்கு முதல் கறுப்புப் பட்டைகளை வழங்கினார். பட்டை முறை ஜூடோவின் தந்தை ஜிகோரோ கனோவிடமிருந்து வந்தது. கராத்தேயின் சொந்தச் சொத்து அன்று. பெல்ட்டைப் புனிதமாகக் கருதுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

அடுத்த சில ஆண்டுகளில் நான்கு பெரிய குடும்பங்கள் உருவாயின. ஃபுனாகோஷியின் வழி ஷோட்டோகான்: நீண்ட, தாழ்ந்த நிலை, தொலைவிலிருந்து பாய்ந்து ஒரே அடியில் முடிக்கும் எண்ணம். சோஜுன் மியாகியின் கோஜு-ரியூ நாஹா வழியில் வந்தது: குறுகிய நிலை, ஓசையோடு விடும் மூச்சு, வட்டத் தடுப்பு. கென்வா மபுனி இதோசுவிடமும் ஹிகாவோன்னாவிடமும் கற்றவர். இருவர் பெயரின் எழுத்துகளையும் இணைத்தே ஷிட்டோ-ரியூ என்று பெயரிட்டார். இரு வழிக் கட்டாக்களும் அதில் உள்ளதால் எண்ணிக்கை மிகுதி. ஹிரோனோரி ஓட்சுகா ஜுஜுட்சுவில் தேர்ந்தவர். அவருடைய வாடோ-ரியூ, அடியைத் தடுத்து நிற்பதைவிட உடலைத் திருப்பி அடியை வழுக்கவிடும்.

பொம்மிடிப் பிள்ளையின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இதோசுவின் பினான் கட்டாக்களை ஃபுனாகோஷி ஹெய்யான் என்று பெயர் மாற்றினார். ஷிட்டோ-ரியூவில் முன்காலைத் தூக்கி வைத்தாற்போல் நிற்கும் பூனை நிலை வரும் இடங்களில், ஷோட்டோகானில் எடையைப் பின்காலில் இறக்கிய நீண்ட நிலை வரும். மூலம் ஒன்று, வளர்த்த வீடு வேறு. இதில் யாரும் தவறில்லை. ஒரு வீட்டு வழக்கத்தை மற்ற வீட்டு அளவுகோலால் அளந்து மதிப்பெண் குறைப்பதுதான் தவறு.

தொடாத அடியும் தொட்ட அடியும்

ஃபுனாகோஷிக்குப் போட்டிச் சண்டையில் விருப்பமில்லை. 1957 ஏப்ரலில் அவர் மறைந்தார். அவர் வழிவந்த ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை அதே ஆண்டு நடத்தியது. ஒரு கையில் எலும்பு முறிந்திருந்த நிலையில் களமிறங்கிய ஹிரோகாசு கனசாவா குமிதேயில், அதாவது நேருக்கு நேர் சண்டைப் பிரிவில், வென்றார்.

அந்தப் போட்டியின் விதி எளியது: அடி முழு வேகத்தில் போக வேண்டும், உடலைத் தொடுமுன் நிற்க வேண்டும். இந்த விதியில் வளர்ந்தவருக்குக் கண்ணும் காலும் கூர்மையாகும். எதிரியின் எல்லைக்குள் எப்போது நுழைவது, எப்போது விலகுவது என்பது அத்துப்படி. அடி வாங்கிக்கொண்டு தொடர்ந்து நிற்கும் பழக்கம் மட்டும் வராது.

இதை ஏற்காதவர் மசுதாத்சு ஓயாமா. கொரியாவில் பிறந்து, ஷோட்டோகானும் கோஜுவும் கற்று, கியோகுஷின் என்ற தனி வழி கண்டவர். படாத அடி பலித்ததா என்று எப்படித் தெரியும் என்பது அவர் தரப்பு. 1969இல் தொடங்கிய கியோகுஷினின் அகில ஜப்பான் போட்டியில் கையுறை இல்லை, கவசம் இல்லை. மார்பிலும் வயிற்றிலும் முழு வலிமையோடு குத்தலாம், தொடையில் உதைக்கலாம், தலைக்கும் உதைக்கலாம். கையால் முகத்தில் குத்த மட்டும் தடை. வெறுங்கையால் முகத்தில் முழு பலத்தோடு குத்தினால் போட்டி நடத்த முடியாது.

அந்த ஒரு தடையின் விளைவு பெரிது. கியோகுஷின் வீரர்கள் மார்போடு மார்பு மோதும் நெருக்கத்தில் நின்று அடிக்கப் பழகினார்கள். உடல் இறுகியது, தொடை உதை உலகப் புகழ் பெற்றது, முகத்தைக் காக்கும் கை மட்டும் தாழ்ந்தது. ஷோட்டோகான்காரர் 'அவர்களுக்கு முகம் காக்கத் தெரியாது' என்பார். கியோகுஷின்காரர் 'அவர்கள் காற்றை அடிக்கிறார்கள்' என்பார். இரண்டு கேலியிலும் பாதி உண்மை உண்டு.

நம் சிலம்பத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறது. அலங்காரச் சிலம்பத்தில் வீச்சின் அழகுக்கு மதிப்பு. தொடுமுறையில் எதிராளியின் உடலில் கம்பு பட்டதா என்பதே கணக்கு. ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றில் தடுமாறுவதைப் பார்த்தவர்களுக்குக் கராத்தேப் பாணிகளின் பூசலுக்கான காரணம் எளிதில் விளங்கும்.

வீட்டை விட்டு வெளியே

பாணிகள் தங்கள் விதியை விட்டு வெளியே வந்தபோதுதான் உண்மைச் சோதனை நடந்தது. 1964இல் கியோகுஷின் வீரர்கள் மூவர் பாங்காக் சென்று தாய்லாந்தின் முய் தாய் வீரர்களோடு மோதினார்கள். இருவர் வென்றனர், தோற்றவர் அவர்களில் மூத்தவரான கென்ஜி குரோசாகி. ஜப்பானில் கிக் பாக்ஸிங் வளர இந்த மோதலும் ஒரு காரணம்.

கியோகுஷின் மரபிலிருந்து பிரிந்து செய்தோகைகான் என்ற அமைப்பை உருவாக்கிய கசுயோஷி இஷியி, 1993இல் கே-1 போட்டியைத் தொடங்கினார். அதில் கையுறை அணிந்து முகத்தில் குத்தலாம். கியோகுஷினில் பேரெடுத்த ஸ்விட்சர்லாந்தின் ஆண்டி ஹூக், 1994 கிராண்ட் பிரீயில் பேட்ரிக் ஸ்மித்திடம் 19 விநாடிகளில் விழுந்தார். தன் பாணி காக்கக் கற்றுத் தராத இடம் முகம் என்பது அவருக்குப் புரிந்தது. குத்துச்சண்டை கற்றார். 1996இல் அதே கிராண்ட் பிரீயை வென்றார். இறுதிச் சண்டையை முடித்தது, சுழன்று கால் மீது விட்ட உதை. பழைய வீட்டுக் கலையைக் கைவிடாமல் புதிய வீட்டுக் காவலையும் சேர்த்துக்கொண்டவர் அவர்.

கூண்டுக்குள் நடக்கும் கலப்புத் தற்காப்புச் சண்டையில் தொடாத அடிக்கு என்ன மதிப்பு என்று பலர் சிரித்தார்கள். பிரேசிலின் லியோட்டோ மச்சிடா தன் தந்தையிடம் ஷோட்டோகான் கற்றவர். 2009 மே மாதம் ரஷாத் எவன்ஸை வீழ்த்தி யுஎஃப்சி லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். எட்டாத தூரத்தில் நின்று, எதிரி நுழையும் கணத்தில் ஒரே அடி: தொடாத அடிக்குப் புள்ளி தரும் பாயிண்ட் குமிதே தந்த கண்ணும் காலும் அவருக்கு அப்படியே உதவின. அடுத்து வந்த மவுரிசியோ ருவா அந்த அகன்ற நிலையின் காலைக் குறிவைத்து உதைத்தார். 2010இல் நடந்த இரண்டாவது சண்டையில் பட்டமும் ருவாவிடம் போயிற்று. பாயிண்ட் போட்டி தடை செய்திருந்த தொடை உதையே ஷோட்டோகான் நிலையின் பலவீனத்தைக் காட்டியது.

ஒலிம்பிக் காட்டிய இரண்டு காட்சிகள்

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், புடோகான் அரங்கில் கராத்தே முதல்முறை இடம்பெற்றது. உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி குத்துக்கு 1, உடல் மீதான உதைக்கு 2, தலை மீதான உதைக்கு 3 புள்ளி. தலைக்கான அடி கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும்.

75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு இறுதியில் சவுதி அரேபியாவின் தாரிக் ஹமீதி முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உதை ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்ஜாதேயின் தலையில் பட்டது. கன்ஜ்ஜாதே மயங்கி விழுந்தார். அடி அளவுக்கு மீறியது என்று ஹமீதி தகுதி நீக்கப்பட்டார். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம். கராத்தே தெரியாத ஊரெல்லாம் வியந்தது. கியோகுஷினில் அதே உதை வெற்றியாகியிருக்கும். நடுவர் விதியை மீறவில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பது இரண்டு இடத்திலும் வேறு.

ஆண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ரியோ கியூனா ஒகினாவாக்காரர். ஒகினாவா வீரர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவர் வழி ரியூயெய்-ரியூ, நான்கு பெரிய குடும்பங்களுக்கு வெளியே உள்ளது. பெரிய பெயர் உள்ள பாணியே வெல்லும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. அதற்கடுத்து 2024இல் நடந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை. ஆசிய விளையாட்டில் 1994 ஹிரோஷிமா முதல் இருக்கிறது.

நம் பக்கத்துக் கதை

தமிழ்நாட்டில் புரூஸ் லீ படங்களுக்குப் பிறகு கராத்தே மோகம் பெருகியது. வகுப்பு தொடங்கியவர்கள் தாங்கள் கற்ற பாணியை நட்டார்கள். சென்னையில் பெயர் பெற்ற ஷிஹான் ஹுசைனி, ‘புன்னகை மன்னன்’ படத்தில் நடித்தவர், 2025 மார்ச்சில் மறைந்தவர், இஷின்-ரியூ வழியைச் சேர்ந்தவர். தாத்சுவோ ஷிமாபுகு 1956இல் தொடங்கிய இந்த ஒகினாவா வழியில் முஷ்டியைத் திருப்பாமல் கட்டைவிரல் மேலே இருக்கும்படி குத்துவார்கள். இதுவும் நான்கு குடும்பங்களுக்கு வெளியே உள்ளதுதான்.

நம் நாட்டில் பாணிச் சண்டையைவிடச் சங்கச் சண்டையே பிள்ளைகளைப் பாதித்தது. இந்தியக் கராத்தே சங்கத்துக்குள் மூண்ட பூசலால் 2020இல் உலகக் கூட்டமைப்பு அதன் அங்கீகாரத்தை நிறுத்தியது; பின்னர் கராத்தே இந்தியா ஆர்கனைசேஷன் என்ற அமைப்பு அந்த இடத்துக்கு வந்தது. ஜப்பானும் விலக்கல்ல. 1987இல் தலைமை ஆசான் நகயாமா மறைந்த பின் ஜப்பான் கராத்தே சங்கம் பிளவுபட்டு நீதிமன்றம் வரை போனது. 1994இல் ஓயாமா மறைந்ததும் கியோகுஷின் பல துண்டாயிற்று. இந்தப் பிளவுகளில் உதையும் குத்தும் மாறவில்லை. சண்டை, ஆசானின் நாற்காலிக்காக.

எதை வைத்து அளப்பது

பெற்றோர் கேட்க வேண்டியவை சில. பெல்ட் தேர்வு யார் முன்னிலையில் நடக்கிறது? சொந்த மாஸ்டர் மட்டுமே தேர்வாளரானால் பட்டையின் நிறம் கட்டணத்தைத் தொடரும் ஆபத்து உண்டு. சான்றிதழ் எந்தச் சங்கத்தின் பெயரில் வருகிறது, பள்ளி, மாவட்டப் போட்டிகளில் அது செல்லுமா? குமிதேயின்போது பல் காப்பும் கையுறையும் உண்டா? தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே மீண்டும் களத்தில் இறக்குகிறார்களா? இறக்கினால் பாணி எதுவானாலும் அந்த வகுப்பு வேண்டாம்.

மாஸ்டர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: நம் போட்டி எந்த அடியைத் தடுக்கிறது, அந்த அடி வந்தால் நம் பிள்ளை என்ன செய்வான்? பாயிண்ட் குமிதே பழகுபவருக்குத் தொடை உதையின் வலி தெரிய வேண்டும். முழுத் தொடுகை பழகுபவருக்குக் கையுறைக் குத்திலிருந்து முகம் காக்கத் தெரிய வேண்டும். இவ்விரு குறையையும் நிரப்பவே 1981இல் தகாஷி அசுமா, முகக்கவசம் போட்டு முகத்தில் குத்தவும், பிடித்து வீழ்த்தவும் அனுமதிக்கும் கூடோவின் அடித்தளத்தை அமைத்தார்.

பொம்மிடிபோன்ற ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெரிய நகரத்தில் பாணிக்கு ஒரு கட்டடம், சங்கத்துக்கு ஒரு கதவு. இங்கே ஓர் ஊர், ஒரு மைதானம், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வேறு பாணியின் மாஸ்டரை அழைத்து, பாதுகாப்புக் கவசத்தோடு அவர்கள் விதியில் நம் பிள்ளைகளைச் சண்டையிட வைக்கலாம்; மறுமுறை நம் விதியில் அவர்கள் பிள்ளைகள் சண்டையிடட்டும். தோற்றவன் ‘ஸ்டைல் சரியில்லை’ என்று சொல்ல மாட்டான். எந்த அடியைப் பழகவில்லை என்பதைச் சொல்வான். அடுத்த வாரப் பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.